புல்வெளியிலிருந்து வந்த சிரட்டை

அந்த வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் வருவது மணம். பூச்சி உருண்டை, பழந்தோல், எங்கேயோ ஒரு மூலையில் புளித்துப்போன சாராயம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வெடுக்கு. நாலு வருடம் அந்த மணத்துக்குள் வேலை செய்தேன். ஒரு நாளும் பழகவில்லை. போகப்போகப் பழகிவிடும் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லாரும் வேறு வீடுகளில் வேலை செய்தவர்கள்.

வீடு பலெர்மோ நகரில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில். கீழே ஒரு சப்பாத்துக் கடையும் ஒரு நகைக்கடையும். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் வெள்ளைத் திரைச்சீலை தெரியும். அந்தத் திரைக்குப் பின்னால் ஓர் எருமைத் தலை சுவரில் தொங்குவது ஒருவருக்கும் தெரியாது. நம்மூர் எருமை இல்லை. அமெரிக்கப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் மந்தை மந்தையாய்த் திரிந்த காட்டெருமை. மயிர் அடர்ந்த பெரிய தலை, கண்ணாடிக் கண், மோவாயில் தாடி வேறு. கிழமைக்கு ஒருதரம் அந்தத் தாடியைச் சீப்பால் வாரிவிடுவது என் வேலைகளில் ஒன்று. வாரும்போது நூறு வருடத்துப் பொடுகு என் கையில் உதிரும். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் மனிசனுக்குக்கூட நான் தலை வாரிவிட்டதில்லை.

வீட்டுக்காரி எழுபது தாண்டிய விதவை. எங்கள் ஆட்கள் எல்லா வீட்டுக்காரிகளையும் சொல்வதுபோல நானும் அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் சொல்வேன். அவருடைய காலஞ்சென்ற கணவரின் பாட்டனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில், வாலிப வயதில், கப்பலேறி அமெரிக்கா போனவர். மற்றவர்கள் பிழைக்கப் போனார்கள். இவர் பொறுக்கப் போனார். கோவேறு கழுதை பூட்டிய வண்டி, துப்பாக்கி, மண்வெட்டி, சாராயப் பீப்பா, இவற்றோடு நாலைந்து கோடைகாலம் அந்தப் புல்வெளியில் அலைந்திருக்கிறார். பறந்ததைச் சுட்டார், ஓடியதைப் பொறி வைத்துப் பிடித்தார், ஊர்ந்ததைச் சாராயத்தில் அமுக்கினார், மண்ணுக்குள் கல்லாய்ப் போய்க் கிடந்ததைத் தோண்டினார். எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாய் பலெர்மோவுக்கு அனுப்பினார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்த மனிதருக்கு உயிரோடு இருந்த எதுவும் ஒரு சதம் பெறாது. செத்தால்தான் மதிப்பு.

முதல் நாள் சிஞ்ஞோரா என்னை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். புல்வெளியில் வளை தோண்டி வாழும் அணில் மாதிரியான ஒன்று, பதினொரு எண்ணம், பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தன. வயிற்றுத் தையல் விட்டு வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தது. இழுத்துத் திறக்கும் நீளமான தட்டையான லாச்சிகளுக்குள் குருவிகள் மல்லாந்து கிடந்தன. கண் இருந்த இடத்தில் பஞ்சு. காலில் நூல் கட்டி ஒரு துண்டுக் கடதாசி. வரிசையாய்ப் பிள்ளைகளை நித்திரையாக்கி விட்டதுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். போத்தல்களுக்குள் பாம்புகள், வால் நுனியில் கிலுகிலுப்பை உள்ளவை. மூடி இறுகாத ஒரு போத்தலில் சாராயம் வற்றி, பாதிப் பாம்பு வெளியே காய்ந்து கறுத்திருந்தது. "அழகாக இல்லையா?" என்று சிஞ்ஞோரா கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த இத்தாலியச் சொற்களில் அழகு என்ற சொல் இருந்தது. அசிங்கம் என்ற சொல் இருக்கவில்லை. ஆகவே தலையாட்டினேன்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு ஏன் நின்றேன் என்று கேட்டால், ஒரு கையெழுத்துக்காக. நானும் என் மனிசனும் எங்கள் மகளை மூன்று வயதில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் யாழ்ப்பாணச் சனம் முழுக்க மழையில் நனைந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறா. பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறை. பிள்ளையை இங்கே கூப்பிட வேண்டுமானால் என் பெர்மெஸ்ஸோவோடு, அதாவது இங்கே இருக்கத் தரும் அனுமதிப் பத்திரத்தோடு, இவள் என்னிடம் நிரந்தரமாய் வேலை செய்கிறாள் என்று வீட்டுக்காரி எழுதிக் கையெழுத்து வைத்த கடதாசியையும் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நான் கேட்கும் போதெல்லாம் சிஞ்ஞோரா "செய்யலாம், செய்யலாம்" என்பார். கடதாசி கையில் கிடைத்தால் நான் ஓடிவிடுவேன் என்று அவருக்குப் பயம். எனக்கு முன்னே எட்டுப் பேர் அந்த வீட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒருத்தி ஒரு நாள்கூட நிற்கவில்லையாம். அவள் கெட்டிக்காரி.

சிஞ்ஞோராவுக்குத் தனிமை. நான் தூசி தட்டும்போது பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, பாட்டனாரின் குறிப்புப் புத்தகங்களை உரத்து வாசிப்பார். அதனால் என் இத்தாலியன் ஒரு விசித்திரமான இத்தாலியன் ஆகிவிட்டது. துடைப்பம், வாளி என்ற சொற்களுக்கு முன்பே 'தோலை உரித்தேன்' என்ற சொல்லைப் படித்துவிட்டேன். காலையில் எத்தனை சுட்டார், மாலைக்குள் எத்தனை உரித்தார், வெயிலில் எது அழுகத் தொடங்கிற்று, எல்லாம் அந்த மனிதர் எழுதி வைத்திருந்தார். ஒரு ஆந்தைக்கு உயிர் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் எழுதியிருந்தார். சிஞ்ஞோரா அதை வாசித்துவிட்டு, எவ்வளவு நுணுக்கமான மனிதர் பார் என்றார்.

ஒரு நாள் சோற்றுக் கதை வந்தது. அந்தப் புல்வெளி ஆதிகாலத்தில் கடலாய் இருந்ததாம். வெண்கல் மேடுகளில் மீனும், வீடளவு நீளமான கடற்பல்லியும் கல்லாய்க் கிடந்தனவாம். தோண்டி எடுத்தால் அவை பொருபொருவென்று உடையும். உடையாமல் வண்டியில் ஏற்றுவதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? அரிசியை மூட்டையாய் வாங்கி, குழையக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சியில் சாக்குத் துண்டுகளைத் தோய்த்து எலும்பைச் சுற்றிக் கட்டினார். காய்ந்ததும் மட்டைபோல இறுகிவிடுமாம். ஒரு பல்லிக்கு அரை மூட்டை அரிசி. நான் அந்தப் பல்லியின் தாடையைத்தான் அப்போது துடைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் உரிக்காமல் விட்ட சாக்குத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஒரு பருக்கை வந்தது. மஞ்சளாகி, கல்லாகி, ஆனால் பருக்கை. என் பிள்ளை நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றதாக அக்கா கடிதம் போட்ட மாதம் அது. அந்தப் பருக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குப்பையில் போட மனம் வரவில்லை. கடைசியில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போய் ஆறு மாதம் கழித்து என் கண்ணிமை வீங்கி, விரல் இடுக்கெல்லாம் தோல் உரியத் தொடங்கியது. சிஞ்ஞோரா பார்த்துவிட்டு, "ஓ, அந்தத் தோல்களுக்கு உள்ளே பாஷாணம் கலந்த சவுக்காரம் பூசியிருக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளலாமே" என்றார். ஆறு மாதம் கழித்து! பூச்சி அரிக்கக்கூடாது என்று பாஷாணம் பூசினாராம். பூச்சி அரிக்கவில்லை. என்னைத்தான் அரித்தது.

அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. போத்தலில் கொண்டுபோவேன். வியா மக்வேதா என்ற தெருவின் பின்சந்தில் இருந்த எங்கள் அறைக்குத் திரும்பியதும், மாரி என்றாலும் கோடை என்றாலும், தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் அடுப்பைத் தொடுவேன். என் மனிசன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவுக்கடைக் குசினியில் கணவாய் கழுவுகிறவர்.

"செத்த வீட்டுக்குப் போட்டு வாற மாதிரி ஒவ்வொரு நாளும் முழுகிறாய்," என்று சிரிப்பார்.

"செத்த வீட்டிலை ஒரு பிரேதம்தான் இருக்கும். அங்கை நானூறு கிடக்கு. நீங்கள் முதல்லை உங்கடை கையை மணந்து பாருங்கோ," என்பேன்.

இந்த நகரத்துக்கே இந்தக் குணம் இருக்கிறது என்று எனக்கு ஓர் எண்ணம். செத்தவர்களுக்குச் சட்டை போட்டுச் சுவரோரம் நிறுத்தி வைத்திருக்கும் நிலவறை ஒன்று இங்கே உண்டு. ஒரு ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சிஞ்ஞோரா என்னைத் துணைக்கு அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஒரு கண்ணாடிப் பெட்டியில் நித்திரை கொள்வதுபோல ஒரு பிள்ளை கிடந்தது. சுற்றி நின்றவர்கள் "பாவம், எவ்வளவு வடிவு" என்றார்கள். நான் வெளியே ஓடி வந்து மதிலோரம் சத்தி எடுத்தேன். சின்னப் பிள்ளைகளை நாங்கள் எரிப்பதுகூட இல்லை. பால் வார்த்து, மண்ணுக்குள் வைத்து, மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் வருவோம். பார்த்துக்கொண்டு நிற்க அதில் என்ன இருக்கிறது?

இத்தனை அரியண்டத்துக்குள் ஒரே ஒரு பொருள் எனக்குப் பிடித்திருந்தது. பாட்டனாரின் எழுதுமேசையில், காய்ந்த மைப்புட்டிகளுக்குப் பின்னால், ஒரு சிரட்டை. பேனை முள்ளுகள் போட்டு வைத்திருந்தார்கள். நல்ல கடும் பழுப்பு, வழுவழுவென்று. விளிம்பில் மெல்லிய பித்தளைத் தகடு, உள்ளே கறுப்புப் பூச்சு. வெளிப்பக்கத்தில் நெளிநெளியாய் ஒரு கோடு ஓடியது. எப்போதோ வெடித்ததை ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கையில் எடுத்தபோது அதன் பாரமும் உருண்டையும் உள்ளங்கைக்குப் பொருந்தி வந்தன. தோலும் மயிரும் பல்லும் நிறைந்த அந்த வீட்டில், மரத்தில் காய்த்த ஒன்றைத் தொட்டது எனக்குச் சொந்தக்காரர் ஒருவரைத் தெருவில் கண்டதுபோல இருந்தது.

"தேங்காய்!" என்று சிஞ்ஞோராவிடம் காட்டினேன். "எங்கள் ஊரில் இதில்தான் அகப்பை செய்வோம்."

சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பிடித்திருந்தால் எடுத்துக்கொள். எடுத்துக்கொள்" என்றார். நாலு வருடத்தில் அவர் எனக்குத் தானாகத் தந்த ஒரே பொருள்.

அறைக்குக் கொண்டுவந்து சாம்பலும் தேசிக்காயும் போட்டு மினுக்கினேன். அடியில் மையால் எழுதியிருந்த சின்ன இலக்கமும் அதோடு போய்விட்டது. விலையாக்கும் என்று நினைத்தேன். சாமிப் படத் தட்டில் வைத்து, ஊரிலிருந்து வந்த திருநீற்றை அதற்குள் கொட்டினேன். என் மனிசன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கத்தையான் சிரட்டை?"

"சிஞ்ஞோரா தந்தவ. அந்தக் கிழவன்ரை மேசையிலை கிடந்தது."

"அந்தப் புல்வெளியிலை தென்னை நிண்டதோ?"

"கப்பல்லை போன மனிசன். வழியிலை ஆரும் குடுத்திருப்பினம். உங்களுக்கு எல்லாத்திலையும் ஒரு கேள்வி."

அந்தக் கேள்வியோடு நான் அரை நிமிடம் நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. இரண்டு வருடம், ஒவ்வொரு காலையும், அதில் விரலைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் திருநீற்றை ஒரு கடதாசியில் கொட்டிவிட்டு, வெளிப்பக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசித் துணியால் துடைப்பேன். சிரட்டைக்கு எண்ணெய் காட்டினால் வெடிக்காது. துடைத்துக்கொண்டே பிள்ளையைப் பற்றி யோசிப்பேன். பிள்ளையைக் கொண்டுவந்து சேர் என்று அதற்கு முன்னால் நின்றுதான் கும்பிட்டேன்.

தொண்ணூற்றேழில் சிஞ்ஞோராவுக்கு முழங்கால் முற்றாய்ப் போயிற்று. மகன் வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடு ஒன்றுக்கு மாற வேண்டும். நானூறு பிரேதத்தையும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. "பேராசிரியர் ஒருவர் வந்து பட்டியல் எடுப்பார். அது முடிந்த அன்றைக்கே உன் கடதாசியில் கையெழுத்துப் போடுகிறேன். சத்தியம்" என்றார். கடதாசியை நானே நிரப்பி, மடித்து, எருமைத் தலைக்குக் கீழே இருந்த மேசையில் வைத்துவிட்டேன். இனி என்ன, நாலு நாள் என்று எண்ணிக்கொண்டேன். அந்த நாலு நாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வேலை செய்தேன்.

பேராசிரியர் மெலிந்த மனிதர், நல்ல மனிதர்தான். எனக்கு வணக்கம் சொல்லிக் கை தந்த முதல் ஆள் அந்த வீட்டில் அவர். குறிப்புப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தை வாசிப்பார், நான் அந்தப் பொருளைக் கொண்டுவந்து கொடுப்பேன், அவர் பார்த்துச் சரி போடுவார். மூன்று நாள் அப்படியே போயிற்று. நாலாம் நாள் முற்பகல், கடைசிப் புத்தகத்தில் ஓர் இலக்கத்தை வாசித்தவர் குரலைத் தாழ்த்தினார். எனக்குச் சொல்லுக்குச் சொல் விளங்கியது. அந்தச் சொற்களை எல்லாம் எனக்குப் படிப்பித்ததே அந்தப் புத்தகங்கள்தான்.

ஆற்றங்கரையில் நாலு கம்பு நட்டுப் பரண் கட்டியிருந்தார்களாம் அந்த நிலத்துச் சனம். தங்கள் செத்தவர்களை அப்படி வானத்தைப் பார்க்கக் கிடத்துவது அவர்கள் வழக்கம். பரணில் எருமைத்தோலில் சுற்றி ஒரு சின்னப் பெண்பிள்ளை. காலில் மணி கோத்த செருப்பு. பாட்டனார் தன் கையால் எழுதியிருந்தார்: ஆட்கள் கண்ணில் படாத நேரம் பார்த்து ஏறினேன். உடல் காய்ந்திருந்தது. தலையை மட்டும் எடுத்தேன். உச்சிப் பகுதி ஒழுங்காய் இருந்ததால் அறுத்து, மெருகெண்ணெய் பூசி, என் பேனை முள்ளுகளுக்குக் கிண்ணம் ஆக்கிக்கொண்டேன்.

"அது எங்கே?" என்று பேராசிரியர் கேட்டார்.

சிஞ்ஞோரா என் பக்கம் கையைக் காட்டினார். "இவளிடம் கொடுத்துவிட்டேன். தேங்காய் என்று நினைத்தாள். அவ்வளவு சந்தோஷப்பட்டாள், எனக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை." அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நெற்றி எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, அன்று காலையில் பூசிய மூன்று குறியும். புறங்கையால் துடைத்தேன். திரும்பத் திரும்பத் துடைத்தேன். பேராசிரியர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அந்த வீட்டுத் தண்ணீர். குடிக்கவில்லை. "தயவுசெய்து அதைக் கொண்டுவந்து தர முடியுமா? பட்டியல் முடிவதற்கு அது ஒன்றுதான் பாக்கி" என்றார். சிஞ்ஞோரா மேசையில் கிடந்த என் கடதாசியைத் தட்டி, "இதுவும் இன்றைக்கே முடிந்துவிடும்" என்றார். மிரட்டவில்லை. அப்படியொன்றும் கெட்ட மனுசி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாய் இருக்கிறது.

மத்தியானம் அறைக்குப் போனேன். என் மனிசன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டார். சாமித் தட்டில் அது இருந்தது, விளிம்பளவு திருநீற்றோடு. இப்போது பார்த்தால் யாருக்கும் தெரியும். நெளிகோடு வெடிப்பில்லை. பிள்ளை வளரும்போது மண்டையோடு பொருந்துகிற தையல்.

"சிவபெருமானே கையிலை கபாலம் வைச்சிருக்கிறார்," என்றார் மெதுவாய், என்னைத் தேற்ற.

"அவர் சுடலையிலை ஆடுறவர். அவருக்குப் பெர்மெஸ்ஸோ தேவையில்லை," என்றேன்.

பிறகு சொன்னார்: "அப்ப கடல்லை விடுவம். மொண்டெல்லோவிலை இப்ப மாரி, ஒரு காக்கா குருவி இல்லை. எள்ளும் பூவும் நான் கொண்டு வாறன். உடைஞ்சு போச்சு, குப்பையிலை போட்டிட்டன் எண்டு அவைக்குச் சொல்லு."

"சொன்னா?"

"சொன்னா என்ன? பொய்தானே."

"அதைச் சொல்லேல்லை. சொன்னா கையெழுத்து?"

சுவரில் பிள்ளையின் படம் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருந்தோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பரணைக் கட்டிய கைகளை நினைத்தேன். செருப்பில் மணி கோத்த ஒருத்தி இருந்திருப்பாள். நாலு கம்பையும் இறுக்கிக் கட்டிவிட்டு, இனி நரி எட்டாது என்று நிம்மதியாய்ப் போயிருப்பாள். நரி எட்டவில்லை. அவளுக்காக அந்தக் கடலில் ஒரு முழுக்குப் போட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. நேரமும் இருந்தது. பஸ் ஏறினால் அரை மணித்தியாலம்.

எழும்பினேன். பால்கனியில் துளசிக்குப் பதிலாய் வைத்திருந்த பசிலிக்கோச் சாடியில் திருநீற்றைக் கொட்டினேன். பித்தளை விளிம்பைத் துடைத்தேன். கட்டாத புதுத் துவாய் ஒன்றில் சுற்றினேன். என் மனிசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

பேராசிரியர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மிக நல்ல நிலையில் இருக்கிறது. எண்ணெய் பூசியிருக்கிறீர்களா? நல்லதுதான். இல்லாவிட்டால் வெடித்திருக்கும்" என்று என்னைப் பாராட்டினார். பிறகு பஞ்சில் ஏதோ நனைத்து என் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அடியில் பழைய இலக்கத்தைத் திரும்ப எழுதி, ஊதிக் காயவைத்து, பெட்டிக்குள் குருவிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அது எத்தனை வயதுப் பிள்ளை என்று தையலைப் பார்த்து அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. துவாயை மடித்துத் திருப்பித் தந்தார். வரும் வழியில் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

பிள்ளை அடுத்த வருடம் வந்தாள். எட்டு வயது. மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த முகத்தை விமான நிலையத்தில் தேடினேன். அது இல்லை. வேறொரு முகத்தோடு ஒரு பிள்ளை வந்து "அம்மா" என்றது. முதல் கிழமை என்னோடு கதைக்க வெட்கப்பட்டாள். தகப்பனோடுதான் ஒட்டிக்கொண்டாள். எனக்கு அது நெஞ்சில் முள்ளாய்க் குத்திற்று. வெள்ளிக்கிழமை வந்ததும், எண்ணெய் வைத்து முழுக வார்ப்போம், அதில் எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன்.

பிள்ளையைத் தரையில் இருத்தி, பின்னால் கதிரையில் இருந்துகொண்டேன். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை விட்டு உச்சியில் வைத்தேன். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு என் முழங்காலில் சாய்ந்தாள். கொழும்பில் பெரியம்மா இப்படித்தான் வைப்பா என்று முதல்முறையாய்க் கதை சொல்லத் தொடங்கினாள். என் கை தன்பாட்டில் வட்டமாய்ச் சுற்றியது. முன்னிருந்து பின்னுக்கு, பிறகு பக்கவாட்டில், காதுக்கு மேலே. கைக்கு அந்த உருண்டை நன்றாய்த் தெரிந்திருந்தது. பாரமும் தெரிந்திருந்தது. பெருவிரல் கீழே இறங்கி, பித்தளை விளிம்பு எங்கே என்று தேடியது.

கையை இழுத்துக்கொண்டேன்.

"ஏன் அம்மா நிப்பாட்டினீங்கள்?"

"காணும், இவ்வளவும் போதும்," என்றேன். குளியலறைக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். திரும்பி வந்தபோது பிள்ளை பாதித் தலை எண்ணெயோடு அதே இடத்தில் இருந்தாள், நான் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு. அன்றைக்குத் தகப்பன்தான் மிச்சத்தைப் பூசிவிட்டார். பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அவர்தான்.